வீட்டு கம்ப்யூட்டருக்கு எந்த ஆன்டிவைரஸ் நல்லது? காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்கால் போன்ற ஊர்களில், பல வீடுகளில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். மகளின் டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், மகனின் காலேஜ் ப்ராஜெக்ட், அப்பா ஸ்கேன் பண்ணி வெச்ச பட்டா, பத்து வருஷத்து குடும்ப போட்டோ, நெட் பேங்கிங் என எல்லாமே அதில்தான் இருக்கும். அதில் ஒரு வைரஸ் புகுந்தால் என்னென்ன போகும் என்பதை யோசித்தாலே பயம் வந்துவிடும்.

அந்த பயத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: "எந்த ஆன்டிவைரஸ் போடலாம்?"

ஆனால், அதற்கு முன்பே கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் விண்டோஸுக்கு இன்னும் பாதுகாப்பு அப்டேட் வருகிறதா? கம்ப்யூட்டரோடு சேர்ந்தே வந்த ஆன்டிவைரஸ் ஆன் ஆகி இருக்கிறதா? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் காசு கட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். பல வீடுகளுக்கு அந்தச் செலவே தேவைப்படாது. அது எப்படி என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் பார்க்க வேண்டியது: உங்க விண்டோஸ் எது?

செட்டிங்ஸ் உள்ளே போய், சிஸ்டம், அதில் அபௌட் என்பதைத் திறந்தால் எந்த விண்டோஸ் என்று தெரிந்துவிடும்.

விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10-ம் தேதியோடு முடிந்தது. பல வீடுகளில் இருக்கும் விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான அப்டேட் நின்றுவிட்டது.

அப்டேட் நின்றால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர் எப்போதும்போல ஓடும். ஆனால், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க யாரும் வர மாட்டார்கள். சுவரில் ஓட்டை இருக்கும் வீட்டில், வாசலுக்கு மட்டும் விலை உயர்ந்த பூட்டு போட்டால் எப்படியோ, அப்படித்தான் இந்த கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் போடுவதும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 2017 மே 12-ம் தேதி பரவத் தொடங்கிய 'வான்னாக்ரை' ரேன்சம்வேர் சுமார் 150 நாடுகளில் கம்ப்யூட்டர்களை முடக்கியது. கேரளாவில் பஞ்சாயத்து அலுவலக கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே, அதாவது சுமார் இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுத்திருந்தது. அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்கள்தான் மாட்டின. "டேட்டா தீர்ந்துடும்" என்று அப்டேட்டைத் தள்ளிப்போடும் பழக்கம் இருந்தால், இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் என்ன செய்யலாம்?

வழி 1: விண்டோஸ் 11-க்கு மாறுவது. இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக 8-வது தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். கூடவே டிபிஎம் 2.0 வசதியும், குறைந்தது 4 ஜிபி ரேமும் வேண்டும். இவை இருந்தால், ஒரிஜினல் விண்டோஸ் 10-ல் இருந்து இலவசமாகவே மாறலாம்.

வழி 2: கம்ப்யூட்டர் பழசு என்றால், விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேரலாம். வீட்டு உபயோகத்துக்கு இது 2026 அக்டோபர் 13 வரை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்டில் லாகின் செய்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் கட்டணம் இல்லை. இல்லாவிட்டால் 30 டாலர் கட்டியும் சேரலாம் என்றும் அறிவித்தது. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே இதில் சேரும் வசதி தெரியும்.

வழி 3: லினக்ஸுக்கு மாறுவது. 2011-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் ஆரம்பத்தில் வந்தவை விண்டோஸ் 7 காலத்தவை. அவற்றில் விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. சென்னையில் உள்ள மத்திய அரசின் சி-டாக் மையம் உருவாக்கியது அது. அந்த லேப்டாப் இன்னும் ஓடுகிறது என்றால், தூக்கிப் போட வேண்டியதில்லை. புதிய லினக்ஸ் ஒன்றைப் போட்டுவிட்டால் படிக்க, டைப் பண்ண, வீடியோ பார்க்கப் போதும். விண்டோஸ் 7-லேயே வைத்துக்கொண்டு நெட் பேங்கிங் மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஆன்டிவைரஸ் உள்ளே என்னதான் செய்கிறது?

ஐபிஎம் வகை கம்ப்யூட்டர்களைத் தாக்கிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்' 1986-ல் பாகிஸ்தானின் லாகூரில் உருவானது. மென்பொருள் கடை நடத்திய அண்ணன் தம்பி இருவர், தங்கள் மென்பொருளைத் திருட்டு காப்பி எடுப்பவர்களைப் பிடிக்க எழுதியது அது. ஃப்ளாப்பி டிஸ்க் வழியாக உலகமெல்லாம் பரவிவிட்டது.

அந்தக் காலத்து ஆன்டிவைரஸ் செய்த வேலை எளிமையானது. தெரிந்த வைரஸ்களின் அடையாளங்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபைலையும் அதோடு ஒப்பிடும். போலீஸ் ஸ்டேஷன் சுவரில் குற்றவாளிகளின் போட்டோ ஒட்டி வைப்பது மாதிரி. பட்டியலில் இல்லாத புது ஆளை அது பிடிக்காது.

இன்றைய ஆன்டிவைரஸ் நடத்தையையும் பார்க்கிறது. ஒரு ஃபைல் திடீரென்று நூற்றுக்கணக்கான போட்டோக்களை மாற்றி எழுதத் தொடங்கினால், அது பட்டியலில் இல்லாவிட்டாலும் சந்தேகப்பட்டு நிறுத்தும். சந்தேகமான ஃபைலின் விவரத்தை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, நொடிகளில் பதில் வாங்கும். அதனால்தான் நெட் இருக்கும்போது ஆன்டிவைரஸின் பலம் அதிகம்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் போதுமா?

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இலவசமாகவே இருக்கிறது. ஒரு காலத்தில் இதை யாரும் மதிக்கவில்லை. இப்போது நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகம் வீட்டு உபயோக ஆன்டிவைரஸ்களுக்கு பாதுகாப்பு, வேகம், பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றுக்கும் தலா 6 என மொத்தம் 18 மதிப்பெண் போடுகிறது. அண்மை ஆண்டுகளில் டிஃபெண்டர் அதில் முன்வரிசை மதிப்பெண்களை வாங்கி வருகிறது.

அப்டேட் வரும் விண்டோஸ், அடிக்கடி நெட் இணைப்பு, க்ராக் மென்பொருள் போடாத பழக்கம். இந்த மூன்றும் இருக்கும் வீட்டுக்கு டிஃபெண்டரே போதும்.

ஆனால் அது ஆன் ஆகி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று தேடித் திறந்தால், வைரஸ் பாதுகாப்பு என்ற இடத்தில் பச்சை டிக் இருக்க வேண்டும்.

பல லேப்டாப்களில் புதிதாக வாங்கும்போதே வேறு நிறுவனத்தின் ட்ரையல் ஆன்டிவைரஸ் இருக்கும். வேறு ஆன்டிவைரஸ் இருந்தால் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்ளும். ட்ரையல் முடிந்து, "ரினியூ பண்ணுங்க" என்று மட்டும் கத்திக்கொண்டு அது சும்மா உட்கார்ந்திருக்கலாம். பணம் கட்டும் எண்ணம் இல்லையென்றால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிடுங்கள். டிஃபெண்டர் திரும்ப வேலைக்கு வந்துவிடும்.

"ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா டபுள் சேஃப்டிதானே?" இல்லை. இரண்டும் ஒன்றையொன்று சந்தேகப்பட்டு மோதிக்கொள்ளும். கம்ப்யூட்டர் நத்தை மாதிரி நகரும். ஒன்று போதும்.

அப்போ யாருக்குத்தான் காசு கொடுத்து வாங்கணும்?

சில வீடுகளுக்குக் கட்டண ஆன்டிவைரஸில் நிஜமாகவே பலன் உண்டு.

வீட்டிலேயே டிடிபி, ஜாப் டைப்பிங் செய்பவர்கள்: பலருடைய பென் டிரைவ் தினமும் சொருகப்படும். நெட் எப்போதும் இருக்காது. நெட் இல்லாத நேரத்திலும் நன்றாகப் பிடிக்கும் ஆன்டிவைரஸ் இவர்களுக்கு உதவும். ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரடிவ்ஸ் ஆய்வகம் நெட் இல்லாத நிலையில் எவ்வளவு பிடிக்கிறது என்பதையும் தனியாகச் சோதிக்கிறது. டிஃபெண்டர் அங்கே பின்தங்குவது உண்டு.

கூப்பிட்டுக் கேட்க ஆள் வேண்டும் என்பவர்கள்: பிரச்சினை வந்தால் போனில் உதவி கிடைப்பது வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்கு முக்கியம். உள்நாட்டு நிறுவனங்களும் இருக்கின்றன. கே7 கம்ப்யூட்டிங் 1991-ல் கேசவர்தனன் சென்னையில் தொடங்கிய நிறுவனம். குவிக் ஹீல், கைலாஷ் கட்கர், சஞ்சய் கட்கர் சகோதரர்கள் புனேயில் வளர்த்தது. தமிழில் சப்போர்ட் உண்டா, எத்தனை மணி வரை என்பதை வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்று நான்கு கம்ப்யூட்டர், போன் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ் வேண்டும் என்பவர்களும் யோசிக்கலாம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

* மதிப்பெண்: ஏவி-டெஸ்ட், ஏவி-கம்பேரடிவ்ஸ் இரண்டின் இணையதளத்திலும் முடிவுகள் இலவசம். ஒரே ஒரு சோதனையை மட்டும் பார்க்காமல், கடைசி மூன்று நான்கு முடிவுகளைப் பாருங்கள். "நம்பர் 1" என்று விளம்பரத்தில் போடுவது கணக்கில் இல்லை.

* தவறான எச்சரிக்கை: நல்ல ஃபைலையும் வைரஸ் என்று சொல்லித் தடுக்கும் ஆன்டிவைரஸ் தொல்லைதான். கடைசியில் வெறுத்துப்போய் அதையே ஆஃப் பண்ணிவிடுவோம்.

* வேகம்: 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் என்றால் முதலில் ட்ரையல் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

* ரினியூவல் விலை: முதல் வருஷம் தள்ளுபடியில் சல்லிசாக இருக்கும். இரண்டாம் வருஷ விலை என்ன என்பதுதான் கேள்வி. கார்டில் ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தால், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வங்கியில் இருந்து தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த மெசேஜைக் கவனிக்காமல் விடாதீர்கள்.

* கூடுதல் சாமான்கள்: விபிஎன், 'கம்ப்யூட்டர் க்ளீனர்', 'ஸ்பீடு பூஸ்டர்' எல்லாம் சேர்த்து விலையை ஏற்றுவார்கள். வைரஸைத் தடுக்க அவை தேவையில்லை.

* கடையில் பெட்டி வாங்கினால்: எத்தனை கம்ப்யூட்டருக்கு, எத்தனை வருஷத்துக்கு என்று பாருங்கள். பில் வாங்குங்கள். முடிந்தால் அங்கேயே கீ போட்டு ஆக்டிவேட் ஆகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இலவசம் என்றால் விலை வேறு எங்கோ இருக்கலாம்

ஆன்டிவைரஸ் உங்கள் கம்ப்யூட்டரில் எல்லா ஃபைலையும், நீங்கள் போகும் எல்லா இணையதளத்தையும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் அதைத் தருகிற நிறுவனம் நம்பிக்கையானதா என்பது முக்கியம்.

உலகம் முழுக்க கோடிக்கணக்கானோர் பயன்படுத்திய அவாஸ்ட் நிறுவனம், பயனர்கள் எந்தெந்த இணையதளங்களுக்குப் போனார்கள் என்ற தகவலை 'ஜம்ப்ஷாட்' என்ற தன் துணை நிறுவனம் மூலம் விற்றதாக அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் குற்றம்சாட்டியது. 2024 பிப்ரவரியில் 1.65 கோடி டாலர் கட்ட அந்நிறுவனத்துக்கு உத்தரவிடப்பட்டது. ஜம்ப்ஷாட் 2020-லேயே மூடப்பட்டுவிட்டது.

இன்ஸ்டால் செய்யும்போது "உங்கள் தகவலைப் பகிரலாமா" என்று வரும் பெட்டியில் கண்ணை மூடிக்கொண்டு ஓகே அழுத்த வேண்டாம். எந்த ஆன்டிவைரஸாக இருந்தாலும் அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இருந்து மட்டும் டவுன்லோடு செய்யுங்கள்.

வைரஸ் எந்த வழியா வருது? முதல் சந்தேகம்: பென் டிரைவ்

ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றி மனு எழுத, டைப் செய்ய, ஸ்கேன், பிரின்ட் எடுக்க என்று தினமும் பலர் வந்து போவார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்ப்பு நாள் என்றால் கூட்டம் இன்னும் அதிகம். இப்படிப்பட்ட இடங்களில் உள்ள ஜெராக்ஸ், பிரவுசிங் கடைகளின் ஒரே கம்ப்யூட்டரில் ஒரு நாளில் எத்தனையோ பேரின் பென் டிரைவ் ஏறி இறங்கும். ஒன்றில் வைரஸ் இருந்தால், மற்றவற்றுக்கும் தாவ வாய்ப்பு உண்டு. லாகூர் ஃப்ளாப்பியின் அதே கதைதான்.

பலருக்கும் பழக்கமானது 'ஷார்ட்கட் வைரஸ்'. பென் டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் எல்லாம் மூலையில் சின்ன அம்புக்குறியோடு ஷார்ட்கட்டாக மாறியிருக்கும். நிஜ ஃபைல்கள் பெரும்பாலும் அழிவதில்லை, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். "என்னன்னு பார்ப்போம்" என்று அந்த ஷார்ட்கட்டை க்ளிக் செய்தால்தான் வைரஸ் உங்கள் கம்ப்யூட்டரில் ஏறும். உடனே ஃபார்மேட் செய்து ஃபைல்களை இழக்கவும் வேண்டாம். பென் டிரைவ் மீது ரைட் க்ளிக் செய்து ஸ்கேன் கொடுங்கள். பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்திருக்கும் ஃபைல்களைக் காட்டும் வசதியை ஆன் செய்து பாருங்கள்.

இதைவிட நல்ல வழி, பென் டிரைவையே தவிர்ப்பது. பிரின்ட் எடுக்க வேண்டிய பிடிஎஃப்-ஐ கடையின் மெயிலுக்கு அனுப்பலாம். மதிப்பெண் சான்றிதழ், ஆதார் போன்றவற்றை டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளலாம். கடை கம்ப்யூட்டரில் லாகின் செய்தால் லாக்அவுட் செய்ய மறக்காதீர்கள்.

இரண்டாவது வழி: "க்ராக் போட்டுத் தர்றேன்"

அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் காசில்லாமல் விண்டோஸ், ஆபீஸ், போட்டோஷாப் எல்லாம் 'ஃபுல் வெர்ஷன்' போட்டுத் தருவது சகஜம். அந்த க்ராக்கைப் போடும் முன் வரும் அறிவுரை என்ன? "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிடுங்க." திருடனே வாசல் கதவைத் திறந்து வைக்கச் சொல்வதற்கு இது சமம்.

'ஸ்டாப் டிஜேவு' என்ற ரேன்சம்வேர் பெரும்பாலும் இந்த வழியில்தான் பரவியது. பெரிய நிறுவனங்களை விட்டுவிட்டு, வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் சாதாரண மக்களையே அது குறிவைத்தது. போட்டோ, டாக்குமென்ட் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, திறக்க 980 டாலர், மூன்று நாளுக்குள் கட்டினால் 490 டாலர் என்று கேட்டது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸாக இருந்தாலும், நாமே ஆஃப் செய்துவிட்டால் அதனால் எதுவும் செய்ய முடியாது. ஆபீஸுக்குப் பதில் லிப்ரேஆபீஸ், போட்டோஷாப்புக்குப் பதில் ஜிம்ப் என்று சட்டப்படி இலவசமான மென்பொருள்கள் இருக்கின்றன.

ஆன்டிவைரஸுக்கு முன்னாடி வாங்க வேண்டியது ஹார்ட் டிஸ்க்

2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் பொதுத்துறை கம்ப்யூட்டர்களிலேயே ரேன்சம்வேர் புகுந்தது. கோப்புகளை விடுவிக்க 1,950 டாலர் மதிப்புள்ள கிரிப்டோகரன்சி கேட்கப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாகின. ஐடி ஆட்கள் இருக்கும் இடத்திலேயே இப்படி என்றால், வீட்டு கம்ப்யூட்டர் நூறு சதவீதம் தப்பும் என்று எந்த ஆன்டிவைரஸும் உறுதி சொல்ல முடியாது.

அப்படி மாட்டும் நாளில் கைகொடுப்பது பேக்கப் ஒன்றுதான். வருஷா வருஷம் ஆன்டிவைரஸுக்குக் கட்டும் காசைச் சேர்த்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கினால் அது பல வருஷம் வரும். மாதம் ஒருமுறை போட்டோ, சான்றிதழ், பத்திரம் ஆகியவற்றை அதில் காப்பி எடுத்துவிட்டு, கழற்றி பீரோவில் வையுங்கள். கழற்றுவது முக்கியம். சொருகியே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். மிக முக்கியமான சில ஃபைல்களுக்கு கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் இன்னொரு காப்பி இருக்கட்டும்.

டிஃபெண்டர் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. விண்டோஸ் செக்யூரிட்டியில் ரேன்சம்வேர் பாதுகாப்பு என்ற பகுதிக்குள் 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இருக்கும். தானாக ஆன் ஆகாது, நாம்தான் ஆன் செய்ய வேண்டும். நம்பிக்கையில்லாத ஆப் எதுவும் உங்கள் டாக்குமென்ட், போட்டோ ஃபோல்டர்களைத் தொடவிடாமல் தடுக்கும்.

எந்த ஆன்டிவைரஸாலும் தடுக்க முடியாதது

கிரிவலத்துக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு ரூம் தேடும்போது திடீரென்று திரை முழுக்க சிவப்பாக, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு போன் செய்யவும்" என்று வந்தால்? அது போலி. மைக்ரோசாஃப்டின் நிஜ எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. அந்த நம்பரைக் கூப்பிட்டால், எனிடெஸ்க் போன்ற ஆப்பைப் போடச் சொல்லி கம்ப்யூட்டரையே கையில் எடுத்துக்கொள்வார்கள். பிரவுசரை மூடுங்கள். மூட முடியாவிட்டால் கம்ப்யூட்டரையே ஆஃப் செய்யுங்கள்.

"உங்கள் ஆன்டிவைரஸ் ரினியூ ஆகிவிட்டது, வேண்டாம் என்றால் அழைக்கவும்" என்று வரும் மெயிலும் இதே ரகம். ஓடிபி-யை நாமே சொல்லிவிட்டாலோ, யுபிஐ பின்னை நாமே போட்டுவிட்டாலோ ஆன்டிவைரஸ் குறுக்கே வராது.

மாட்டிக்கிட்டா உடனே என்ன செய்யணும்?

1. வைஃபை, நெட் கேபிளைத் துண்டியுங்கள். பென் டிரைவ், ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள்.

2. டிஃபெண்டரில் 'ஆஃப்லைன் ஸ்கேன்' கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாகத் தொடங்கும் முன்பே சோதிக்கும். அதற்கு முன் திறந்திருக்கும் வேலைகளை சேவ் செய்துவிடுங்கள்.

3. மத்திய அரசின் 'சைபர் ஸ்வச்சதா கேந்திரா' இணையதளத்தில் வைரஸ் நீக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இது 2017-ல் தொடங்கப்பட்டது.

4. ஃபைல்கள் பூட்டப்பட்டிருந்தால் பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் திறப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. யூரோபோல், நெதர்லாந்து போலீஸ் ஆகியவை சேர்ந்து 2016-ல் தொடங்கிய 'நோ மோர் ரேன்சம்' தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி உண்டு.

5. மெயில், வங்கி பாஸ்வேர்டுகளை வேறொரு போனில் இருந்து மாற்றுங்கள்.

6. பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலோ மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்கலாம்.

மொத்தத்தில்...

இன்று மாலை செய்யக்கூடியவை மூன்றே மூன்று. விண்டோஸுக்கு அப்டேட் வருகிறதா என்று பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக் இருக்கிறதா என்று பாருங்கள். குடும்ப போட்டோக்களையும் சான்றிதழ்களையும் வேறொரு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். இந்த மூன்றுக்குப் பிறகும் உங்கள் வீட்டுக்குக் கட்டண ஆன்டிவைரஸ் தேவை என்று தோன்றினால், ஆய்வக மதிப்பெண்ணையும் இரண்டாம் வருஷ விலையையும் பார்த்து ஒன்றே ஒன்றை வாங்குங்கள்.